கொல்லன் பங்கு

(அம்பத்தூர் மேனாம்பேட்டில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



'எங்கள் முப்பாட்டன் கொல்லன் என்கிறார்கள். அவரைத் தேடிக் கண்டுபிடிக்க முடியுமா?' என்பதுதான் எனக்குத் தரப்பட்ட கேள்வி. லேத்தும் ஃபோர்ஜிங்கும் ஜாப் ஒர்க்குமாக வாழும் ஊரில் இப்படியொரு கேள்வி எழுவது இயல்பே. முடியும் என்றே சொல்வேன். ஆனால் நாம் வழக்கமாகத் தேடுகிற இடத்தில் அவர் கிடைக்கமாட்டார்.

முதலில் கொஞ்சம் கனடாவுக்குப் போய்விட்டு வருவோம். அங்கே கியூபெக் மாகாணத்தில் பிரெஞ்சு பேசும் மக்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்குத் தன் மூதாதை ஒரு கொல்லர் என்று தெரிய வந்தால், அவரைத் தேடுவது பெரிய பாடில்லை. 1621 முதலே ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றை மாதா கோயில் பதிவேட்டில் பாதிரியார் எழுதி வைத்தார். 1666இல் ழான் தாலோன் என்ற அதிகாரி குடிக்கணக்கு எடுத்தபோது, அங்கிருந்த பிரெஞ்சுக் குடியேற்றத்தில் இருந்த பிரெஞ்சுக்காரர்களே 3,215 பேர்தான். பெயர், வயது, தொழில் என்று அத்தனை பேரையும் வீடு வீடாகக் குறித்துவிட்டார்கள். கோடரி அடிப்பவர், துப்பாக்கி பழுது பார்ப்பவர், பூட்டு செய்பவர், குதிரைக்கு லாடம் கட்டுபவர் என்று இரும்புத் தொழிலுக்குள்ளேயே பிரிவுகளும் உண்டு. பிறகு சிப்ரியன் தாங்கே என்ற பாதிரியார் 1871 முதல் 1890 வரை ஏழு தொகுதிகளாகக் குடும்ப வம்சாவளி அகராதியையே அச்சிட்டார். மொன்றியால் பல்கலைக்கழகம் 1966இல் இறங்கி, பழைய பதிவேடுகளையெல்லாம் கணினிக்குள் கொண்டுவரும் வேலையைத் தொடங்கியது. இன்னொன்று, அங்கே பெண்ணைப் பதிவேட்டில் பிறந்த வீட்டுப் பெயரோடுதான் எழுதினார்கள். கட்டிக்கொடுத்த பிறகும் அவள் அப்பன் பெயர் தொலைவதில்லை.

அவர்களுக்கும் தொல்லை இல்லாமல் இல்லை. சிப்பாயாக வந்தவனுக்குப் படையில் ஒரு பட்டப்பெயர் வைப்பார்கள். பேரன் காலத்தில் அசல் பெயர் போய்ப் பட்டப்பெயர் குடும்பப் பெயராகிவிடும். அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனவர்களில் புவாவேர் குடும்பத்தார் சிலர் கிரீன்வுட் ஆகிவிட்டார்கள். ஒரே குடும்பத்துக்கு இரண்டு மூன்று பெயர் என்பதுதான் அவர்கள் படும் தொல்லை. நமக்கோ குடும்பப் பெயரே கிடையாது. இருப்பது தகப்பன் பெயரின் ஓர் எழுத்து. அதுவும் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம் என்பதால், முனுசாமி மகன் ஏழுமலை, ஏழுமலை மகன் முனுசாமி என்று தறியில் நாடா போய்வருவதைப்போல அதே இரண்டு பெயர்களே போய்ப் போய் வரும். எந்த முனுசாமி?

குடிக்கணக்கில் பார்க்கலாமே என்பீர்கள். நம் நாட்டில் 1871 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்தார்கள். ஆனால் வீடு வீடாக எழுதிய தாள்களைக் கூட்டல் முடிந்ததும் கழித்துவிட்டார்கள். மாவட்டத்தில் எத்தனை கொல்லர்கள் என்று அச்சிட்ட அறிக்கை சொல்லும். அவர்களில் உங்கள் பாட்டன் யார் என்பதைச் சொல்லாது. பிறப்பு இறப்புப் பதிவுக்கு 1899இல் சென்னை மாகாணச் சட்டம் வந்தது. அதற்கு முந்தைய தலைமுறைக்கு அதுவும் உதவாது.

அப்படியானால் நம் கொல்லர் எங்கே இருக்கிறார்? களத்துமேட்டில் இருக்கிறார். அவர் வாங்கிய நெல்லில் இருக்கிறார்.

இதை விரிவாகச் சொல்ல வேண்டும். நீங்கள் உட்கார்ந்திருக்கும் இந்த மண் செங்கல்பட்டு ஜாகீர் என்று அழைக்கப்பட்ட சீமையைச் சேர்ந்தது. 1763இல் ஆர்க்காட்டு நவாப் முகமது அலி அதைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்தார். வாங்கியவர்களுக்கு ஊரில் என்ன விளைகிறது, யார் யார் என்ன பங்கு எடுக்கிறார்கள் என்று எதுவும் தெரியாது. அதனால் தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளரை அனுப்பினார்கள். 1767 முதல் 1774 வரை, ஏறத்தாழ இரண்டாயிரம் கிராமங்களுக்கான விவரங்களை அவர் திரட்டினார். ஊர்க் கணக்குப்பிள்ளைகள் ஓலையில் எழுதிக் கொடுத்த கணக்குதான் அதற்கு அடிப்படை. ஆங்கிலச் சுருக்கம் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ஓலைகளில் ஒரு பகுதி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. காந்தியவாதி தரம்பால் இவற்றின் மதிப்பை எடுத்துச் சொல்ல, பிறகு சென்னையிலேயே அறிஞர்கள் சிலர் உட்கார்ந்து படித்துப் பதிப்பித்தார்கள்.

அந்தக் கணக்கில் என்ன இருக்கும்? ஊரில் எத்தனை வீடு, எந்தச் சாதியார், நஞ்சை எவ்வளவு, புஞ்சை எவ்வளவு, ஏரி எத்தனை. அதன் பிறகு வருவதுதான் நமக்கு வேண்டியது. நெல் அடித்துக் குவித்த களத்தில் அரசுக்கும் குடியானவனுக்கும் பிரிப்பதற்கு முன்பே எடுத்து வைக்கும் பங்குகள். கோயிலுக்கு இவ்வளவு, கணக்கனுக்கு இவ்வளவு, தலையாரிக்கு, வெட்டியானுக்கு, தச்சனுக்கு, கொல்லனுக்கு, குயவனுக்கு, நாவிதனுக்கு, வண்ணானுக்கு இவ்வளவு. மேரை என்றும் சுதந்திரம் என்றும் இதற்குப் பெயர். இது போக, வரியில்லாமலோ குறைந்த வரிக்கோ அனுபவிக்கும் நிலம் மானியம்.

அவர் என்ன செய்து இதை வாங்கினார் என்பதையும் நினைத்துப் பாருங்கள். ஏர்க்கொழு தேய்ந்தால் காய்ச்சி அடித்துக் கொடுக்க வேண்டும். மண்வெட்டி, அரிவாள், கடப்பாரை, வண்டிக்குக் கடையாணி, கவலைச் சாலுக்கு இரும்பு வளையம் என எல்லாம் அவர் பொறுப்பு. மரச்சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடும் நாளில் வட்டமாக வறட்டி அடுக்கி நெருப்பிட்டு, பழுத்த பட்டாவை நாலு பேர் குறட்டால் தூக்கிச் சக்கரத்தில் இறக்கித் தண்ணீர் ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கிச் சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும். உழவுக் கருவிக்கு அன்றன்று காசு வாங்க மாட்டார். துருத்தி ஊத ஓர் ஆள், சம்மட்டி அடிக்க ஓர் ஆள் என்று வருஷம் முழுக்க வேலை செய்துவிட்டு அறுப்பின்போது களத்துக்குப் போவார். அந்த நெல்லைக் கலம், மரக்கால், படி என்று கணக்கன் எழுதினான். பங்கு வாங்கியவர் பெயரை எழுதவில்லை. 'கொல்லன்' என்று மட்டும் எழுதினான். ஊரில் இருப்பது ஒரு வீடோ இரண்டு வீடோதானே, பெயர் எதற்கு?

இதுதான் நான் சொல்ல வந்த விஷயம். கனடாப் பாதிரியார் ஆன்மாவைக் கணக்கெடுத்தார். அதனால் பெயரை எழுதினார். நம் கணக்கன் நெல்லைக் கணக்கெடுத்தான். அதனால் பங்கை எழுதினான். ஆகவே பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் இரண்டு தலைமுறையில் வழி அடைத்துவிடும். பங்கைப் பிடித்துக்கொண்டு போங்கள். மானிய நிலம் எது, அது எந்தச் சர்வே எண், அதை யார் அனுபவித்தார் என்று கேட்டுக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் பெயர் தானாக வந்து சேரும்.

அந்தக் கட்டம் எதுவென்றும் சொல்கிறேன். 1858இல் சென்னை மாகாணத்தில் இனாம் கமிஷன் அமைத்தார்கள். வரியில்லா நிலத்தை அனுபவிப்பவர்களெல்லாம் எந்த உரிமையில் அனுபவிக்கிறார்கள் என்று ஊர் ஊராக விசாரித்தார்கள். அதன் பதிவேட்டில் என்ன வேலைக்காகக் கொடுத்த மானியம், முதலில் வாங்கியவர் யார், முந்தைய கணக்குகளில் யார் பேரில் இருந்தது, இப்போது அனுபவிப்பவர் யார், அவர் வயது என்ன, முன்னவருக்கு என்ன உறவு என்று தனித்தனிப் பத்திகள் உண்டு. ஒரு கொல்லன் மானியம் அதில் அகப்பட்டால், ஒரே பக்கத்தில் இரண்டு மூன்று தலைமுறை கிடைத்துவிடும். குடும்ப வரலாறு தேடுகிறவருக்கு அதைவிடப் பெரிய புதையல் நம்மிடம் கிடையாது என்பது என் எண்ணம். பழைய கணக்கில் பசலி ஆண்டுதான் இருக்கும். அதோடு 590 கூட்டினால் ஆங்கில ஆண்டு வந்துவிடும். பசலி 1260 என்றால் 1850 ஜூலையில் தொடங்கிய ஆண்டு.

எண்களும் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. முதலில் பைமாஷ் என்ற பழைய நில அளவை எண், பிறகு சர்வே எண், 1980களில் யு.டி.ஆர். என்ற நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் உட்பிரிவு எண், நகரமான பிறகு டவுன் சர்வே எண். பழையதற்கும் புதியதற்கும் ஒப்பீடு பார்க்காமல் தேடினால் பக்கத்து வயல்காரரின் பாட்டனைத் தத்தெடுத்துக்கொள்வீர்கள். அலுவலகமும் மாறியிருக்கிறது. அம்பத்தூர் வட்டாரம் செங்கல்பட்டு மாவட்டம், சைதாப்பேட்டை தாலுகாவில் இருந்தது. 1997இல் திருவள்ளூர் மாவட்டம் பிறந்தது. 2011இல் அம்பத்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. 2018இல் அம்பத்தூர் தாலுகா சென்னை மாவட்டத்துக்குள் வந்தது. ஆகவே '1930இல் எங்கள் ஊர் எந்தத் தாலுகா' என்று தெரிந்துகொண்ட பிறகே மனுப் போடுங்கள். ஊர்க் கணக்கை எழுதிய பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகளை 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தது. நல்ல காரியம்தான். ஆனால் பழைய கர்ணம் வீட்டுப் பரணில் ஏதாவது கணக்குக் கட்டு இருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. மரியாதையாகக் கேளுங்கள்.

அடுத்தது சார்பதிவாளர் அலுவலகம். பழைய கிரயப் பத்திரங்களில் ஆளின் பெயரோடு தகப்பன் பெயர், மதம், ஜாதி, ஜீவனம் எல்லாம் எழுதும் வழக்கம் இருந்தது. ஒரே ஆளை ஒரு பத்திரத்தில் கருமான் என்றும், இன்னொன்றில் கம்மாளர் என்றும், அவர் மகனை விஸ்வப்பிராமணர் என்றும் எழுதியிருப்பார்கள். மூன்றும் வேறு வேறு குடும்பம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அண்ணன் கருமான் வேலை, தம்பி தச்சு வேலை என்றும் இருக்கலாம். கம்மாளருக்குரிய ஐந்தொழிலுக்குள் மாறிக்கொள்வது சகஜம். வில்லங்கச் சான்று பொதுவாக 1975 முதல் கணினியில் கிடைக்கிறது. அதற்கு முந்தையதைக் கையால் தேடச் சொல்லி மனுக் கொடுக்க வேண்டும். நில ஆவணம் ஒன்றாம் புத்தகம், உயில் மூன்றாம் புத்தகம்; எதில் தேட வேண்டும் என்று குறிப்பாகச் சொன்னால் வேலை சீக்கிரம் முடியும்.

உங்கள் பக்கத்து ஆட்களுக்கு மட்டும் கிடைக்கும் ஒரு வசதியும் இருக்கிறது. 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை தொடங்கியது. இந்தச் சுற்றுவட்டாரத்தில் தொழிற்பேட்டைக்காகவும் குடியிருப்புத் திட்டங்களுக்காகவும் ஏக்கர் ஏக்கராக நிலம் எடுத்தார்கள். 1894ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டப்படி அரசிதழில் அறிவிப்பு வெளியிட்டாக வேண்டியிருந்தது. சர்வே எண், பரப்பு, உடையவர் பெயர் என்று வரிசையாக அதில் அச்சிட்டிருக்கிறார்கள். நிலம் போனது வருத்தம்தான். ஆனால் போகும்போது பெயரை அச்சில் விட்டுவிட்டுப் போயிருக்கிறது. கன்னிமரா நூலகத்திலும் ஆவணக் காப்பகத்திலும் பழைய அரசிதழ்களைப் பாருங்கள்.

கொல்லர் ஊரைவிட்டுப் போனது ஏன் என்ற கேள்வி இந்த இடத்தில் வரும். நம் நாட்டில் இரும்பை உருக்கியவர்களும் இருந்தார்கள். நொய்யல் கரைக் கொடுமணல் அகழாய்வில் இரண்டாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட உலைகள் கிடைத்தன. 1830இல் ஜோசியா மார்ஷல் ஹீத் பரங்கிப்பேட்டையில் ஆலை தொடங்கியதே சேலத்து இரும்புக் கல்லை நம்பித்தான். பிறகு இங்கிலாந்து இரும்பு கப்பல் கப்பலாக இறங்கியது; 1882 சென்னை வனச் சட்டம் கரிக்கு மரம் வெட்டுவதற்குக் கட்டுப்பாடு போட்டது. உருக்குபவர் தொழிலை விட்டார். அடிப்பவர் மட்டும் சீமை இரும்புக் கம்பியையும் பழைய இரும்பையும் வைத்துக் காலந்தள்ளினார். 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடியது. தண்டவாளம் இந்த அம்பத்தூர், ஆவடி வழியாகத்தான் போகிறது. பெரம்பூரில் ரயில்வே பட்டறையும் எழுந்தது. அங்கே 'பிளாக்ஸ்மித்' என்றும் 'ஹேமர்மேன்' என்றும் உத்தியோகம். மாதச் சம்பளம். மரக்கால் கணக்கு இல்லை.

பெரம்பூர்ப் பட்டறை எனக்குப் பிடித்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. கிராமத்தில் துருத்தியின் முன்னால் உட்கார ஒரு சாதியில் பிறந்திருக்க வேண்டும். ரயில்வே பட்டறையில் எந்த வீட்டுப் பிள்ளையும் சம்மட்டி தூக்கலாம் என்றாயிற்று. ஆகையால் உங்கள் தாத்தா ரயில்வேயில் பிளாக்ஸ்மித்தாக இருந்தார் என்பதற்காகவே அவர் அப்பாவும் கொல்லர் என்று எழுதிவிடாதீர்கள். சர்வீஸ் புத்தகமோ ஓய்வூதியத் தாளோ இருந்தால் அதில் பிறந்த ஊரும் தகப்பன் பெயரும் இருக்கும். அங்கிருந்து பின்னே போங்கள். அதன் பிறகு 1949இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள், 1959இல் டன்லப், 1960களில் பாடியில் டி.வி.எஸ். குழும ஆலைகள், ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை. மாட்டு வண்டிக்கு ரப்பர் டயர் வந்ததும் பட்டா போடும் நெருப்பு அணைந்தது. உங்களில் பலரின் வீட்டுக் கதை இங்கேதான் தொடங்குகிறது என்பதால் இதை நான் நீட்டவில்லை.

நான் தொடாமல் போகக்கூடாத ஒன்று இருக்கிறது. கியூபெக்கில் 'என் பாட்டன் கொல்லன்' என்று ஒருவர் சொன்னால் எல்லோரும் ரசித்துக் கேட்பார்கள். நம்மூரில் 'உன் தாத்தா என்ன வேலை செய்தார்' என்று கேட்டால், கேட்பவர் சாதியைக் கேட்கிறார் என்று அர்த்தம். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று சொல்லி மக்கள் எதிர்த்தார்கள். அடுத்த ஆண்டே காமராஜர் அதைக் கைவிட்டார். 2023இல் ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டம் வந்தபோதும் குலத்தொழிலைத் திணிப்பதா என்ற அதே கேள்வி எழுந்தது. குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தமிழ்நாடு அரசு ஏற்கவில்லை; 35 வயது நிறைந்த எவரும், குடும்பத் தொழில் எதுவானாலும், பட்டியலிலுள்ள கைத்தொழிலுக்கு விண்ணப்பிக்கலாம் என்று கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. அதுவே சரி என்பது என் கருத்து. பாட்டனைத் தேடுவது பேரனை அதே உலையில் உட்காரவைக்க அல்லவே.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மயன் பரம்பரை, தேவசிற்பி வம்சம் என்று அச்சடித்த வம்சாவளிகள் உலவுகின்றன. யாரையும் புண்படுத்தச் சொல்லவில்லை. ஆனால் அவற்றில் உங்கள் முப்பாட்டன் கிடைக்கமாட்டார். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் வரி நீக்கிய இடங்களின் பட்டியலில் கம்மாணசேரி தனியாக வருகிறது. தனிச்சேரியில் வாழ்ந்தவர்கள். கொங்கு நாட்டில், நன்மை தீமைக்கு இரட்டைச் சங்கு ஊதவும், வெளியே போகும்போது செருப்புப் போடவும், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசவும் கம்மாளருக்கு அரசன் உரிமை கொடுத்ததாகக் கல்வெட்டு இருக்கிறது. கொடுத்தான் என்றால் அதுவரை இல்லை. உருக்கை அடித்த கை தன் வீட்டுச் சுவரைப் பூச அரசனின் அனுமதிக்குக் காத்திருந்தது. தேவசிற்பி கதையைவிட இந்தச் செய்தியில்தான் எனக்கு ஒரு மனிதர் தெரிகிறார்.

பெண்கள் விஷயத்துக்கு வருகிறேன். பட்டாவிலும் மானியப் பதிவேட்டிலும் அவர்கள் அபூர்வம். ஆனால் இந்தத் தொழில் குடும்பத்தில் ஒரு வசதி. ஊருக்கு ஒரு வீடுதான் என்றால், பெண் எடுப்பதும் கொடுப்பதும் வேறு ஊரிலிருக்கும் கொல்லர் வீட்டோடுதானே? பாட்டி எந்த ஊரிலிருந்து வந்தவள், அவள் அம்மா எந்த ஊர் என்று கேட்டு எழுதிக்கொண்டே போனால், பூந்தமல்லிப் பக்கம், திருவள்ளூர்ப் பக்கம், காஞ்சிபுரம் பக்கம் என்று பட்டறை இருந்த ஊர்களின் வரைபடமே கிடைத்துவிடும். பத்திரத்தில் இல்லாதது அத்தைமார் வாயில் இருக்கும். குலதெய்வக் கோயில் எங்கே என்றும் கேளுங்கள். மொட்டையடிக்கவும் காது குத்தவும் இன்றைக்கும் தேடிப் போகும் ஊர், பெரும்பாலும் இங்கே வருவதற்கு முன் குடும்பம் இருந்த ஊராகவே இருக்கும். அந்த ஊரின் இனாம் பதிவேட்டைத் திறந்து பாருங்கள்.

கப்பலேறிப் போனவர்களுக்கு வேறு வழி. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். அந்தக் கப்பல் பட்டியலில் தகப்பன் பெயர், வயது, சாதி, உடலடையாளம், ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் உண்டு. செங்கல்பட்டு ஜில்லாக்காரர்கள் அதில் நிறைய. மொரீஷியஸ் பதிவுகள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. பிரெஞ்சுத் தீவுகளுக்குப் புதுச்சேரி, காரைக்கால் வழியாகப் போனவர்களின் பெயர் அங்கேயே உறைந்துவிட்டது. வந்திறங்கியவர் முத்துசாமி என்றால் பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் எல்லோருக்கும் முத்துசாமியே குடும்பப் பெயர், பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில். புதுச்சேரியிலேயே 1881 செப்டம்பர் ஆணைப்படி தங்கள் சாதி வழக்கத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் புதுக் குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள். ரெயூனியனிலிருந்தோ மார்த்தினிக்கிலிருந்தோ யாராவது உங்கள் ஊரைத் தேடிக்கொண்டு வந்தால், அவர் கையில் பெயர் இருக்கும், பங்கு இருக்காது. உங்களிடம் பங்கு இருக்கும், பெயர் இருக்காது. இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வீட்டில் டிரங்குப் பெட்டியில் பழைய முத்திரைத்தாள், பட்டா, கிஸ்து ரசீது இருந்தால் தயவுசெய்து லேமினேஷன் போடாதீர்கள். சூட்டில் மை வெளுக்கும். பிளாஸ்டிக்கைப் பிறகு பிரித்தால் தாளே கையோடு வரும். மடிப்பை மெல்லப் பிரித்து, இரண்டு பக்கமும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொண்டு, பருத்தித் துணியில் சுற்றி ஈரம் படாத இடத்தில் வையுங்கள். படத்தைப் பங்காளிகளுக்கும் அனுப்புங்கள், பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிக்கும் சேர்த்து. அடுத்த தாள் பல நேரம் அவர் வீட்டில்தான் இருக்கும். கேள்விகள் இருந்தால் கேளுங்கள், நேரம் இருக்கிறது.